டாக்டரிடம் சொல்லாத எட்டு நாள்

ஸ்ரீரங்கத்து வீட்டைக் காலி செய்துவிட்டு நாம் ஏன் புத்தூருக்கு வந்தோம் என்று பிள்ளைகள் நீங்கள் இருவரும் கேட்டபோதெல்லாம், எனக்கு வேலை மாறிவிட்டது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அது பொய் இல்லை. ஆனால் பாதிதான். மீதியை நேரில் உட்கார வைத்துச் சொல்லலாம் என்று பல தடவை நினைத்தேன். வாயால் சொன்னால் எனக்கு நல்லதாகத் தெரிகிற இடங்களை மட்டும் சொல்லிவிடுவேனோ என்று சந்தேகம். அதனால்தான் எழுதுகிறேன். பிழைகள் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வையம்பட்டிப் பக்கம் பிளஸ் டூ வரை தமிழில் படித்தவன். பிறகு திருச்சியில் இரண்டு வருஷம் மருந்தாளுநர் டிப்ளமோ. பாடம் எல்லாம் இங்கிலீஷ். புரிந்தது பாதி, மனப்பாடம் செய்தது மீதி. சட்டத்துக்கு என்று தனியாக ஒரு பாடம் உண்டு. அதில் மட்டும் எனக்கு நல்ல மார்க். டாக்டர் சீட்டில் எந்தப் பெயரை எழுதியிருக்கிறாரோ அந்த மருந்தைத்தான் கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கிற சரக்கு ஒன்றேயானாலும், வேறு கம்பெனி பெயரில் இருப்பதை நாமாக மாற்றிக் கொடுக்கக் கூடாது. எழுதியவரைக் கேட்க வேண்டும். அளவில் சந்தேகம் வந்தாலும் அவரைத்தான் கேட்க வேண்டும். நோயாளி எதிரில் அவரைப் பற்றிக் குறைவாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. இதையெல்லாம் பரீட்சையில் வரி பிசகாமல் எழுதினேன். டாக்டரை எப்படிக் கேட்பது என்று மட்டும் எந்தப் பாடத்திலும் இல்லை.

ஸ்ரீரங்கத்தில் கடையில் சேர்ந்த முதல் வருஷம், புத்தூரில் இருக்கும் ஒரு பெரிய இருதய டாக்டருக்குப் போன் செய்தேன். ஒரு அம்மாவுக்கு இரண்டு மாத்திரைகளைச் சேர்த்து எழுதியிருந்தார். அது சரியா என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்க வேண்டியதை ஒரு துண்டுக் காகிதத்தில் இங்கிலீஷில் எழுதி, மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். ரிசப்ஷனில் இருந்த சிஸ்டர் இணைப்பைக் கொடுத்தார். என் காகிதத்தை வாசித்தேன். அவர் இங்கிலீஷில் மளமளவென்று ஏதோ சொன்னார். நான் "எஸ் சார், எஸ் சார்" என்றேன். போனை வைத்துவிட்டார். நான் எதற்கு எஸ் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அந்த அம்மாவிடம், "நேர்லயே போயி ஒரு தடவை கேட்டுக்கிட்டு வந்துடுங்கம்மா" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற முதலாளி சிரித்துக்கொண்டே, "என்னப்பா, கலெக்டர்கிட்ட பேசின மாதிரி வேர்த்துப் போச்சு" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. மருந்தை மாற்ற வேண்டி வந்தால் ரிசப்ஷனுக்கு மட்டும் போன் போடுவேன். "டாக்டர் பிஸி, சொல்றேன்" என்பார் சிஸ்டர். சொன்னாரா என்று கேட்க மாட்டேன். கொடுத்த மருந்தின் பெயரையும் தேதியையும் டாக்டர் சீட்டின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் எழுதிவிடுவேன். நோயாளி அடுத்த முறை போகும்போது டாக்டர் கண்ணில் படும் என்று கணக்கு. இது நானாகக் கண்டுபிடித்த ஏற்பாடு. சட்டம் என்னைக் கேட்கச் சொல்கிறது. எதிர்ப்பக்கத்தில் போனை எடுக்க வேண்டும் என்று யாருக்கும் சொல்லவில்லை. அந்த இடைவெளியில் என் சிவப்புப் பேனாவை வைத்து இத்தனை வருஷம் ஓட்டினேன்.

இப்போது அந்த மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களுக்கும் அவரைத் தெரியும். உத்தரவீதியில் இருந்து வருவார், ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் கோயிலைச் சுற்றி நடந்துவிட்டு, நெற்றியில் திருமண் காயும் முன்னே கடைக்கு வந்து பேப்பர் பார்ப்பார். இருதயத்தில் வால்வு மாற்றியவர். வால்வு வைத்தவர்களுக்கு ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை உண்டு. தினமும் சாயங்காலம் ஒன்று, ஆயுசுக்கும் நிறுத்த முடியாது. குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும். கூடினால் உடம்புக்குள் எங்கே வேண்டுமானாலும் கசியும். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை செய்து, அளவைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வைத்தியம் பார்த்தவர் நான் எஸ் சொன்ன அதே டாக்டர்.

மாமாவின் சீட்டு கிழிந்துவிடக் கூடாது என்று மாமி அதை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து லேமினேஷன் செய்து வைத்திருந்தார். சாமி படம் மாதிரி பளபளவென்று இருக்கும். அதில் யார் பேனாவும் எழுதாது. அந்த வீட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. அரிசியோ எண்ணெயோ மருந்தோ, 'தீர்ந்துபோச்சு' என்ற சொல்லே வீட்டில் வரக் கூடாது. அதனால் பத்து நாளைக்கு மாத்திரை கையில் இருக்கும்போதே அடுத்த மாதத்துக்கு வாங்கிவிடுவார்கள். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அது வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் ஊரை நிரப்பியிருந்த நாட்களில் ஒன்று. ராஜகோபுரத்துப் பக்கம் ஆட்டோவே நுழைய முடியவில்லை. கடையில் தலைவலி மாத்திரைக்கும் கால்வலித் தைலத்துக்கும் வெளியூர் ஜனம் நெருக்கிக்கொண்டு நின்றது. மாமா தன் பளபளப்பு சீட்டை எல்லார் தலைக்கும் மேலாக நீட்டினார். அந்தப் பெயர் மாத்திரை கடையில் இல்லை. மொத்த வியாபாரியிடமிருந்து மூன்று நாளாக வரவில்லை. அதே மருந்து, அதே அளவு, வேறு கம்பெனி பெயரில் இருந்தது.

"டாக்டரைக் கேக்கணும்ணே" என்றேன் முதலாளியிடம்.

"கேளு, யாரு வேணாங்கிறா. சரக்கு ஒண்ணுதானே, பெட்டிதானே வேற. இத்தனை பேரை நிக்க வச்சிட்டுக் கேக்காத, அவ்வளவுதான்."

ரிசப்ஷனுக்குப் போட்டேன். "டாக்டர் உள்ள ப்ரொசீஜர்ல இருக்காரு. மதியம் பண்ணுங்க" என்றார் சிஸ்டர்.

மாமாவிடம், "மாமா, உங்க மாத்திரை வரல. அதுக்குப் பதிலா இது. பழசுக்குப் பதில் இதுதான், சரியா? மாமிகிட்ட சொல்லிடுங்க" என்றேன்.

"மருந்தெல்லாம் அவ டிபார்ட்மெண்ட். நீ குடு, நான் பெருமாளைச் சேவிச்சுட்டு ஆத்துக்குப் போகணும்" என்றார் அவர்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். லேமினேஷன் மேல் வழுக்கிக்கொண்டு போனது. மருந்துக் கவரிலாவது எழுதியிருக்கலாம். 'பழையதை நிறுத்தவும்' என்று இரண்டு வார்த்தை. பின்னால் நின்றவர் கையை நீட்டி என் முகத்துக்கு நேராகச் சீட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். கவரில் 'சாயங்காலம் 1' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

மதியம் போன் செய்யவில்லை. கூட்டம். மறுநாள் கூட்டம் இல்லை, அன்றைக்கும் செய்யவில்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு காகிதத்தில் 'மாமா — டாக்டருக்குச் சொல்ல' என்று எழுதி ஒட்டியிருந்தேன். தினமும் அதைப் பார்த்தேன். ஒரு நாள் பிற்பகலில் ரிசீவரைக்கூட எடுத்தேன். முதல் வாக்கியத்தை இங்கிலீஷில் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் சளி மருந்து கேட்டார். போனை வைத்துவிட்டேன். அப்பாடா என்று இருந்தது. அந்த 'அப்பாடா'வைத்தான் நான் மறக்கக் கூடாது. சரக்கு ஒன்றுதானே, என்ன ஆகிவிடப் போகிறது என்று முதலாளி சொன்னதையே நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

எட்டு நாள் கழிந்து, காலையில் மாமா வந்தார். பேப்பர் எடுக்கவில்லை.

"பல்லு தேய்ச்சா ரத்தம் வர்றதுப்பா. நிக்கவே மாட்டேங்கறது. ஈறுக்கு ஏதாவது பேஸ்ட் இருந்தா குடு."

வேட்டியைத் தூக்கி முழங்கால் பக்கத்தில் ஒரு கறையைக் காட்டினார். எங்கும் இடித்துக்கொள்ளவில்லையாம். நாவல்பழம் நசுங்கின மாதிரி இருந்தது. பேஸ்ட் எடுக்கப் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"மாமா, சாயங்காலம் எத்தனை மாத்திரை போடறீங்க?"

"அவ குடுக்கறா, நான் முழுங்கறேன். வெள்ளைல ஒண்ணு, ரோஸ்ல ஒண்ணு."

வெள்ளை பழையது. ரோஸ் நான் கொடுத்தது. ஒரே மருந்து, எட்டு நாளாக இரண்டு மடங்கு.

மாமி ஏன் அப்படிக் கொடுத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கு முந்தைய மாதம் டாக்டர், அளவு கொஞ்சம் குறைவாகவே இருக்கிறது, இப்படியே போனால் இன்னொரு மாத்திரை சேர்க்க வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். சீட்டில் பழைய பெயர் இருக்கிறது. பழைய மாத்திரை பத்து கையில் இருக்கிறது. பையில் புதிதாக ஒன்று வந்திருக்கிறது. சேர்த்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று எண்ணியிருக்கிறார். கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் எண்ணுவார்கள்.

"மாமா, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆட்டோ கூப்பிடறேன்" என்றேன்.

"ஈறுல ரத்தத்துக்கு ஆஸ்பத்திரியா? நீ வேற. அவ சமையலை முடிக்கட்டும், மத்தியானம் பாக்கலாம்" என்று கிளம்பிவிட்டார். பின்னாலேயே போய், இன்றைக்கு எந்த மாத்திரையும் வேண்டாம், நான் டாக்டரிடம் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

முதலாளி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என்னை உள்ளே மருந்து அடுக்கும் அறைக்குக் கூப்பிட்டார்.

"ஒண்ணை நிறுத்தச் சொல்லு, சரியாப் போயிடும். டாக்டர்கிட்ட எதுக்குப் போற? கேக்காம மாத்திக் குடுத்தேன்னு நீயே போய்ச் சொல்லப் போறியா? அவரு டிரக் இன்ஸ்பெக்டருக்கு ஒரு வரி எழுதினார்னா உன் சர்டிபிகேட் போச்சு. கடை லைசென்ஸ் போச்சு."

"சொல்லலைன்னா அவருக்குத் தெரியாதுண்ணே."

"அதான் நானும் சொல்றேன்."

அவர் கெட்டவர் இல்லை. பாப்பா, நீ பிறந்த அன்றைக்கு உன்னைப் பார்க்க முதலில் வந்தவர் அவர்தான். அதனாலேயே அந்த அறையில் நிற்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் பயந்தது இதற்குத்தான்: மாமா மத்தியானமோ நாளையோ டாக்டரிடம் போவார். பரிசோதனையில் ரத்தம் ரொம்ப நீர்த்திருப்பது தெரியும். டாக்டர் தான் எழுதிய ஒரு மாத்திரையைத்தான் இவர் சாப்பிடுகிறார் என்று நினைத்து, அதைப் பாதியாகக் குறைப்பார். இரண்டு நாளில் பழைய வெள்ளை மாத்திரை தீர்ந்துபோகும். அப்புறம் அரை மாத்திரைதான் உள்ளே போகும். வால்வில் ரத்தம் கட்டிவிடும். நடந்தது என்ன என்று டாக்டருக்குத் தெரியாவிட்டால், அவர் செய்கிற சரியான வைத்தியமே மாமாவைக் கொன்றுவிடும்.

ரிசப்ஷனுக்குப் போன் போட்டேன். பிஸி. மறுபடி போட்டேன். "எத்தனை தடவைங்க, சொல்றேன்னு சொன்னேன்ல" என்றார் சிஸ்டர். கடையை விட்டு இறங்கினேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வண்டி மாறி, புத்தூர் போய்ச் சேரும்போது பதினோரு மணி இருக்கும். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றதற்கு, "டோக்கன் போட்டீங்களா?" என்றார் சிஸ்டர். நோயாளி மாதிரியே ஒரு டோக்கன் போட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஏன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகவில்லை என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். வரிசை என்றால் உட்கார்ந்துவிடுகிற ஆள் நான்.

"என்ன பண்ணுது உங்களுக்கு?" என்றார் டாக்டர், நிமிராமலே.

"எனக்கு ஒண்ணுமில்ல சார். ஸ்ரீரங்கத்துல மெடிக்கல்ல இருக்கேன்."

"மருந்துக் கம்பெனி ஆளுங்க எல்லாம் சாயங்காலம் வாங்க."

"கம்பெனி இல்ல சார், பார்மசிஸ்ட். உங்க பேஷண்ட் ஒருத்தருக்கு உங்களைக் கேக்காம மருந்து மாத்திக் குடுத்துட்டேன். அவங்க வீட்ல பழசும் புதுசும் சேர்ந்து போயிருக்கு. ஈறுல ரத்தம் வருது."

அப்போதுதான் நிமிர்ந்தார். மாமாவின் பெயரைச் சொன்னேன். கணினியில் அவர் விவரத்தை எடுத்துப் பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"எட்டு நாள் சார்."

"எனக்கு எப்ப சொன்னீங்க?"

"இப்பத்தான் சார்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் மாமா வீட்டுக்கு அவரே போன் போட்டார். ஸ்பீக்கரில் மாமியின் குரல் கேட்டது. "இடுப்புக்குக் கீழ வலிக்கறதுன்னு படுத்துண்டுட்டார் டாக்டர். காலை நீட்ட முடியலைங்கறார்." டாக்டரின் முகம் மாறியது. ஆட்டோவில் ஏற்ற வேண்டாம், ஆம்புலன்ஸ் அனுப்புகிறேன், அசைக்காமல் வைத்திருங்கள் என்றார்.

போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார். "என் நம்பர் எட்டு நாளா உங்ககிட்ட இருந்துச்சு இல்ல?"

"உங்க நம்பர் இல்ல சார். ரிசப்ஷன் நம்பர்தான்."

 அவர் கணினியில் ஏதோ தட்டிவிட்டு, "என்ன மருந்து குடுத்தீங்க, எந்தத் தேதி, எத்தனை, பேட்ச் நம்பர் என்ன, எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நாளைக்குள்ள குடுங்க. ஃபைல்ல இருக்கணும்" என்றார்.

"இங்கிலீஷ்ல கோர்வையா எழுத வராது சார்."

"தமிழ்ல எழுதுங்க. எனக்கும் தமிழ் படிக்கத் தெரியும்."

மாமாவின் தொடைக்குள்ளே, இடுப்பு எலும்பை ஒட்டி, ரத்தம் கசிந்து கட்டியிருந்தது. மருந்தின் வேகத்தை முறிக்கவும் வேண்டும். ரொம்ப முறித்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். கயிற்று மேல் நடக்கிற மாதிரி நாலு நாள் பார்த்தார்கள். முதல் நாள் சாயங்காலம் ஐ.சி.யூ. வாசலில் மாமி நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"மறுநாளே எனக்குச் சந்தேகம் வந்துது. கடைக்குப் போன் பண்ணேன். நீ சாப்பிடப் போயிருந்தே போலிருக்கு. உங்க முதலாளிதான் எடுத்தார். புதுசா ஒரு மாத்திரை வந்திருக்கே, ரெண்டும் குடுக்கணுமான்னு கேட்டேன். எல்லாம் டாக்டர் எழுதினபடிதான் மாமி, குடுங்கன்னுட்டார்."

மறுநாள் காலை கடையில், டாக்டர் எழுதித் தரச் சொன்னதைச் சொல்லிவிட்டு, மாமியின் போனைப் பற்றி முதலாளியைக் கேட்டேன்.

"ஒரு நாளைக்கு ஐம்பது போன் வருது. எனக்கு ஞாபகம் இல்ல" என்றார் கண்ணைப் பார்க்காமல். பிறகு குரலைத் தாழ்த்தி, "எழுதறதா இருந்தா உன்னை வரைக்கும் எழுதிக்க. கடையை இழுக்காத. உனக்கும் ரெண்டு குழந்தைங்க இருக்கு" என்றார்.

என்னை வரைக்கும்தான் எழுதினேன். தேதி, மருந்தின் பெயர், பேட்ச் நம்பர், டாக்டரைக் கேட்காமல் மாற்றிக் கொடுத்தது, எட்டு நாள் சொல்லாமல் விட்டது எல்லாம் இருந்தது. கடைசியில், 'வீட்டில் இரண்டையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள்' என்று ஒரு வரி. பொய் ஒன்றும் இல்லை. மாமி போன் செய்தது மட்டும் அதில் இல்லை. என் தப்பை ஒளிக்காமல் எழுதிவிட்டேன் என்ற நினைப்பில், இன்னொருவர் கேட்ட கேள்வியை ஒளித்தது எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை. உங்கள் அம்மாவிடம்கூட, நியாயமாக நடந்துகொண்டேன் என்றுதான் சொன்னேன். டாக்டர் படித்துவிட்டு ஃபைலில் வைத்தார். இன்ஸ்பெக்டருக்கு எழுதப் போகிறாரா என்று நான் கேட்கவில்லை. தன் செல் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு மூன்று முறை அந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறேன். இரண்டு முறை எடுத்தார்.

மாமா பிழைத்துவிட்டார். ஆனால் கட்டிய ரத்தம் நரம்பை அமுக்கியதில் வலது கால் மடங்குகிறது. கோயிலைச் சுற்றி நடந்தவர், கூடத்துக்கும் கொல்லைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பார்க்கப் போனேன்.

"வாப்பா, உக்காரு. அன்னிக்கு நீ போய்ச் சொன்னதாலதான் நான் இருக்கேன்னு டாக்டர் சொன்னார்" என்றார் மாமா. 

மாமி சமையலறை வாசலில் நின்றிருந்தார். சுவர் அலமாரியின் மேல் தட்டில், கைக்கு எட்டாத உயரத்தில், மருந்துப் பெட்டி இருந்தது. முன்பு அது எப்போதும் மாமியின் பக்கத்தில் ஜன்னல் மேடையில் இருக்கும்.

"பையன் வந்திருந்தான் புனேலேர்ந்து. ஆஸ்பத்திரி ஃபைலைப் படிச்சான். உன் லெட்டரும் அதுல இருந்துது" என்றார் மாமி. "ஏம்மா, ரெண்டையும் சேர்த்துப் போட்டா என்ன ஆகும்னு யோசிக்க வேண்டாமா, ஒரு போன் பண்ணிக் கேட்டா என்னன்னான். பண்ணேண்டான்னேன். அவன் நம்பலை. வயசாயிடுத்து, மறந்துபோயிருப்பேங்கறான். இப்போ சாயங்காலம் ஒரு பொண்ணு வந்து மாத்திரை குடுத்துட்டுப் போறா. நான் அந்தப் பெட்டியைத் தொடப்படாதாம்."

மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் போன் பண்ணினதை நீ எழுதினியா?"

"இல்ல மாமி."

"ஏன்?"

  பதிலுக்குக் காத்திராமல் மாமி உள்ளே போய்விட்டார். வாணலியில் ஏதோ தாளிக்கிற சத்தம் கேட்டது. பதினெட்டு வருஷமாக ஒரு வேளை தவறாமல் அவருக்கு மாத்திரை கொடுத்த கை அது. சந்தேகம் வந்தவுடனே கேட்கவும் கேட்டார். எங்கள் எல்லோரையும்விடச் சட்டப்படி நடந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். கேட்க வேண்டியவன் நான், கேட்கவில்லை. பதில் சொல்ல வேண்டியவர் பார்க்காமலே சொன்னார். தண்டனை மட்டும் மாமிக்கு.

அந்த வாரம் முழுவதும் நான் சரியாகத் தூங்கவில்லை. வேலையிலும் மனம் ஒட்டவில்லை. புதன்கிழமை உட்கார்ந்து இரண்டாவது கடிதம் எழுதினேன். மாமி கடைக்குப் போன் செய்த நாள், அவர் கேட்ட கேள்வி, கடையிலிருந்து கிடைத்த பதில். அதை மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும் என்பதையும், முதல் கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரிந்திருந்தும் விட்டுவிட்டேன் என்பதையும் எழுதினேன். எழுதிவிட்டு முதலாளியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவருக்குத் தெரியாமல் கொடுக்க மனம் வரவில்லை.

கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"குடுத்தே தீரணுமா?"

"ஆமாண்ணே."

"அப்ப சுவத்துல இருக்கிற உன் சர்டிபிகேட்டைக் கழட்டிக்கிட்டுப் போயிடு. நான் வேற ஆள் பாத்துக்கறேன்." கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எனக்கு நெசமாவே ஞாபகம் இல்லப்பா" என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஐம்பது போனுக்கு நடுவே யாரோ எதையோ கேட்க, கை வேலையாக இருக்கிறவர் 'குடுங்க' என்று சொல்லியிருக்கலாம். நானும் அப்படித்தானே கவரை எழுதினேன்.

மறுபடி டோக்கன் போட்டு டாக்டரைப் பார்த்தேன். கடிதத்தைப் படித்துவிட்டு, "இதை ஏன் அன்னிக்கே எழுதல?" என்றார்.

"பயந்துட்டேன் சார்."

"யாருக்கு?"

 "சரியாத் தெரியல சார்" என்றேன். அவர் அதன் மேல் தேதி போட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டு, சிஸ்டரிடம் எனக்கு ஒரு நகல் எடுத்துத் தரச் சொன்னார்.  இன்ஸ்பெக்டரிடமிருந்து இதுவரை எனக்கு ஒன்றும் வரவில்லை. வந்தால் வாங்கிக்கொள்வேன். இப்போது புத்தூரில் வேலை செய்கிற ஆஸ்பத்திரி மருந்தகத்தில், ஒரு பெயர் மாறினாலும் டாக்டரிடம் பேசாமல் கொடுப்பதில்லை. தமிழில்தான் பேசுகிறேன். ஒவ்வொரு தடவையும் முதல் வாக்கியத்தை ஒரு காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் ஆரம்பிக்கிறேன். அது போகாது போலிருக்கிறது.

நகலை எடுத்துக்கொண்டு உத்தரவீதிக்குப் போனேன். மாமி கதவைத் திறந்தார். உள்ளே கூப்பிடவில்லை. காகிதத்தைக் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, நின்றபடியே படித்தார்.  படித்து முடித்ததும் மாமாவின் செல்போனை எடுத்து, புனேயில் இருக்கும் மகனுக்குப் போட்டார்.

"ஆபீஸ்ல இருக்கியா? இருந்தா பரவால்லை. ஒரு லெட்டர் வந்திருக்கு, வாசிக்கறேன், கேளு."

முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்.  தான் போன் செய்ததாக நான் எழுதியிருந்த இடம் வந்தபோது நிறுத்தினார். மறுமுனையில் ஏதோ பேச்சுக் குரல் கேட்டது. "இரு, நடுவுல பேசாதே" என்று சொல்லிவிட்டு, அந்த வரியை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார். நான் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன்.